தருமபுரி, கிருஷ்ணகிரி உழவர் சந்தைகள்: விலைப்பலகைக்கு நாலு நட்சத்திரம், மாம்பழத்துக்கு ரெண்டு

காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் பலகையில் எழுதியிருக்கும் விலை ஒன்றுதான். காய் மட்டும் ஒன்றல்ல. கத்திரிக்காய்க் குவியலின் மேலே பளபளவென்று இருந்ததெல்லாம் ஏழரைக்குள் பைகளில் ஏறிப் போயிருக்கும். ஒன்பது மணிக்கு வருகிறவர் அதே விலைக்குக் காம்பு வாடியதையும் சொத்தையையும் கிளறிக்கொண்டிருப்பார். உழவர் சந்தையை ஒருவர் புகழ்ந்தாலும் திட்டினாலும், எத்தனை மணிக்குப் போனார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கிய ஏற்பாடு இது. நம் பக்கம் தருமபுரி, பாலக்கோடு, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போகிற வழியெல்லாம் ஒன்று இருக்கிறது. விலை எப்படி வருகிறது என்பது தெரிந்தால்தான் எந்த மாதம் போனால் லாபம் என்பது பிடிபடும். வேளாண் விற்பனைத் துறை அலுவலர்கள் அன்றன்றைக்குப் பக்கத்து மண்டி விலையையும் வெளிக்கடைச் சில்லறை விலையையும் எடுத்து, மண்டியைவிட ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் கூட, கடையைவிடக் கிட்டத்தட்ட அதே அளவு குறைச்சல் என்று நடுவில் ஒரு விலையை எழுதுகிறார்கள். மண்டியில் கிலோ 20, கடையில் 30 என்றால் பலகையில் 24 அல்லது 25 வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, மிச்சம் சதவீதத்தில் வருகிறது. கடையில் தக்காளி 15 ரூபாய்க்கு விற்கும் மாதத்தில் சந்தையில் கிலோவுக்கு இரண்டு, மூன்று ரூபாய்தான் மிஞ்சும். அதற்காக இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியதில்லை. கடையில் 100 ரூபாய் ஆகும்போது அதே சதவீதம் 15, 20 ரூபாய். மலிவான மாதத்தில் எல்லோரும் சந்தைக்குப் போகிறார்கள், விலை ஏறினால் "எங்கே போனாலும் இதே விலைதான்" என்று தெருமுனைக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். கணக்கு நேர் தலைகீழ்.

பலகை விலை மேல்வரம்புதான். அதற்குக் கீழே கொடுக்க யாரும் தடுப்பதில்லை. ஒன்பதரைக்கு மேல் கூடையில் மூன்று, நாலு கிலோ மிஞ்சியிருக்கும் அம்மாவிடம் "மொத்தமா எடுத்துக்கிறேன், எவ்வளவுங்க?" என்று கேட்டால் விலை தானாக இறங்கும். ஆறு மணிக்குப் பேரம் பேசினால் முறைப்புதான் கிடைக்கும்.

விவசாயியிடம்தான் வாங்குகிறோமா என்று பார்க்க அடையாள அட்டையைவிடக் கூடையைப் பார்ப்பது எளிது. சொந்தக் காட்டில் பறித்து வந்தவரிடம் இரண்டு, மூன்று காய்தான் இருக்கும். சிறிசும் பெரிசுமாகக் கலந்திருக்கும், காம்பில் மண் இருக்கும். உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், பூண்டு, கழுவிய கேரட் எல்லாம் ஒரே மேடையில் அடுக்கியிருந்தால் அது மண்டியிலிருந்து வந்த சரக்கு. அது தப்பான சரக்கு என்று அர்த்தமில்லை. கிழங்கும் வெங்காயமும் எங்கிருந்தோ வரத்தான் வேண்டும். ஆனால் "இன்னைக்குப் பறிச்சது" என்ற பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

தக்காளிக்கு வருவோம். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளி மண்டிகள் இருக்கிற ஊர்க்காரர் தக்காளியில் ஏமாந்தால் வெட்கக்கேடு. மண்டியில் 25 கிலோ பிடிக்கும் பெட்டி, அதாவது கிரேடு கணக்கில்தான் பேச்சு. கிரேடு 300 ரூபாய்க்குப் போனது என்று காதில் விழுந்தால் கிலோ 12. சந்தைப் பலகையில் 14 அல்லது 15 இருக்கும். அன்றைக்கு டெம்போவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு "அஞ்சு கிலோ நூறு ரூபா" என்று தெருவில் வருவார்கள். கேட்கும்போது அள்ளிக்கொடுப்பது மாதிரி இருக்கும், வகுத்துப் பார்த்தால் கிலோ 20. "ஆறு கிலோ நூறு" என்றாலும் பதினாறரைக்கு மேல். எட்டு கிலோ நூறு என்று வந்தால்தான் பலகையைவிடக் குறைவு. அப்போதும் அது இரண்டாம் ரகமாக இருக்கும். ஊறுகாய்க்கும் தொக்குக்கும் போதும்.

நாற்றுவிட்டு 25 நாள், நட்டு 60, 70 நாளில் முதல் பறிப்பு. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு பறிப்பு. மார்கழி, தையில் நட்டது மாசி, பங்குனியில் ஒரே நேரத்தில் வந்து குவியும். விலை விழும், பறிகூலிக்கே கட்டாமல் காட்டிலேயே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அந்த நேரத்தில் யாரும் புதிதாக நாற்று நட மாட்டார்கள். நட்டவர் காட்டிலும் சித்திரை வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும், வெள்ளை ஈ வந்து இலைச்சுருட்டை வைக்கும். மூன்று மாதம் கழித்து ஆனி, ஆடியில் வரத்து வற்றும். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்கவேண்டி வந்தது. அதன் பின் ஐப்பசி மழை இன்னொரு ஏற்றம் கொடுக்கும். ஆகவே மாசியில் தக்காளி தெருவில் கிடந்தால், ஆடிக்கு வேண்டிய தொக்கை அப்போதே போட்டு வைக்கிற வீடு புத்திசாலி வீடு.

ரகம் இரண்டுதான் பேச்சில். முட்டை மாதிரி நீண்டு, தோல் தடித்து, கீழே போட்டாலும் உருண்டு போவது ஹைபிரிட். உருண்டையாக, மேலே வரிவரியாக, தொட்டால் அமுங்குவது நாட்டுத் தக்காளி. ஹைபிரிட் பத்து நாள் தாங்கும், குழம்புக்குச் சதை கொடுக்கும், ஆனால் புளிப்பு பத்தாது. ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான். அது லாரியில் பெங்களூருக்கும் கோயம்பேட்டுக்கும் பயணப்படாது, வியாபாரியும் தொடமாட்டார். அதனாலேயே அது கிடைக்கும் இடம் உழவர் சந்தையும் ஊர்ச் சந்தையும் மட்டும். சந்தைக்குப் போக ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைச் சொல்லலாம்.

எடுக்கும்போது காம்புப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். காம்பைச் சுற்றி வட்டவட்டமாக விரிசல் இருந்தால், காய்ந்து கிடந்த காட்டில் திடீரென்று மழை பெய்திருக்கிறது. அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், மறுநாள் விரிசலில் பூஞ்சை பிடிக்கும். காம்புக்கு ஒட்டினாற்போல் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தால் ஊசிப்புழு, உள்ளே கறுத்திருக்கும், எடுக்காதீர்கள். அடிப்பக்கம் கறுத்துத் தட்டையாக அமுங்கியிருப்பது நோய்க்கிருமி இல்லை. தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்ச்சியதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. அந்த இடத்தை வெட்டிவிட்டுச் சமைக்கலாம், விலையில் மட்டும் குறைத்துக் கேளுங்கள். வீட்டில் பழுக்காததை ஃப்ரிட்ஜில் வைத்தால் ருசி செத்துப்போகும். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் பரப்பி, பழுத்தபின் உள்ளே வையுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீன்ஸ், பீட்ரூட், நூல்கோல், குடைமிளகாய் எல்லாம் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டிலிருந்து இறங்கி வருபவை. அங்கே உயரம் கூட, குளிர் கூட. ஓசூர் சந்தையில் காலையில் பார்க்கும் பீன்ஸ் தருமபுரிக்கு வரும்போது ஒரு நாள் வயசு ஏறியிருக்கும், வண்டி வாடகையும் ஏறியிருக்கும். ஒடித்தால் "டக்"கென்று சத்தம் வந்து நார் தொங்காமல் இருந்தால் வாங்கலாம். வளைந்து கொடுத்தால் வேண்டாம். காலிஃபிளவர் மார்கழி, தையில் வெள்ளை வெளேரென்று கெட்டியாக இருக்கும். வெயில் காலத்தில் மஞ்சளாகி அரிசி மாதிரி உதிரும், அப்போது அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

கீரை, கொத்தமல்லி, புதினா மூன்றிலும் பலகை விலை நம்மைக் காப்பாற்றாது. கிலோ கணக்கில் இல்லை, கட்டுக் கணக்கில் விற்கிறார்கள். மழைக்காலத்தில் பத்து ரூபாய்க்குக் கையில் அடங்காத கட்டு, பங்குனியில் அதே பத்து ரூபாய்க்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் அடங்கிவிடும் கட்டு. விலை ஏறவில்லை, கட்டு இளைத்துவிட்டது! சூளகிரிப் பக்கம் கொத்தமல்லியும் புதினாவும் ஏராளமாக விளைகின்றன. வரத்து நன்றாக இருக்கும் நாளில் கட்டு கனமாக இருக்கும். நாரை அவிழ்த்து நடுவில் மூக்கை வைத்துப் பாருங்கள். மேலே பச்சையாக இருந்தாலும் மழை நாளில் கட்டு நடுவிலிருந்துதான் அழுகும். தண்ணீர் சொட்டச் சொட்ட இருப்பதைவிட, வேரில் மண் ஒட்டிக் கொஞ்சம் வாடினாற்போல் இருப்பது இரண்டு நாள் கூடத் தாங்கும்.

இனி மாம்பழம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு உழவர் சந்தையில் மாம்பழம் வாங்குவது கடற்கரையில் இருந்துகொண்டு கருவாடு வாங்குவது மாதிரி. நல்ல சரக்கு மண்டிக்கும் வெளியூருக்கும் கூழ் தொழிற்சாலைக்கும் போய்விடுகிறது. சந்தைக்கு வருவது பெரும்பாலும் காற்றில் விழுந்ததும் ரகம் பிரித்தபின் ஒதுக்கியதும்தான். பச்சடிக்கும் ஊறுகாய்க்கும் மாங்காய் வேண்டுமென்றால் சந்தை நல்ல இடம். பழத்துக்குச் சந்தூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் தோப்பிலேயே விற்கிறவர்களைத் தேடுங்கள். போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடுகிறது, போன கையோடு மற்றதையும் வாங்கிவரலாம்.

வரிசை இப்படிப் போகும்: சித்திரையில் செந்தூரா முதலில் தலைகாட்டும், பின்னாலேயே பங்கனப்பள்ளி. வைகாசியில் அல்போன்சா, இமாம் பசந்த், மல்கோவா. ஆனியில் பெங்களூரா குவியும், கடைசியில் ஆடி வரைக்கும் நீலம். ஒவ்வொரு ரகமும் வந்த முதல் பத்து நாளில் வாங்காதீர்கள். விலையும் கூட, பழமும் வெம்பல். பங்குனிக் கடைசியில் நெடுஞ்சாலை ஓரத்தில் மஞ்சள் பூசினாற்போல் பங்கனப்பள்ளி அடுக்கியிருந்தால் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

முற்றியதா என்று பார்க்க ஒரு பக்கெட் தண்ணீர் போதும். முற்றிய மாங்காய் மூழ்கும், வெம்பல் மிதக்கும். கடைக்காரர் பக்கெட் தரமாட்டார் என்பதால் கண்ணால் பார்க்கும் வழி: காம்பு இருக்கும் இடம் பள்ளமாகி இரண்டு பக்கமும் தோள் உயர்ந்திருக்க வேண்டும். காம்பும் தோளும் ஒரே மட்டத்தில் சரிந்திருந்தால் பிஞ்சிலேயே பறித்தது. கார்பைடு கல் வைத்த பழம் முழுக்க ஒரே மஞ்சளாக இருக்கும். காம்படியில் மணம் வராது. அறுத்தால் தோலோரம் மஞ்சள், கொட்டையை ஒட்டி வெளுப்பு, கடித்தால் புளிப்பு. கார்பைடு சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) வரைக்கும் அறையில் செலுத்திப் பழுக்க வைக்க அனுமதி உண்டு. ஆகவே "மருந்து வச்சதா?" என்று கேட்டால் ஒழுங்கான வியாபாரியும் மாட்டிக்கொள்வார். "கல்லா, கேஸா?" என்று கேளுங்கள், பதில் சொல்லும் முகத்திலேயே தெரிந்துவிடும்.

சில குறைகளை எந்தக் கெட்டிக்காரனும் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அல்போன்சாவில் உள்சதை பஞ்சு மாதிரி வெளுத்து நாறும், வெளித்தோல் சுத்தமாக இருக்கும். நீலத்திலும் பெங்களூராவிலும் கொட்டைக்குள் வண்டு இருக்கும், அது காய் பிஞ்சாக இருந்தபோதே புழுவாக உள்ளே போனது. பெட்டியாக வாங்குகிறவர் ஒன்றை அறுத்துக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. மழை விழுந்தபின் வரும் பழத்தில் ஊசி குத்தியது போல் புள்ளியும் அதைச் சுற்றி மெத்தென்ற இடமும் இருந்தால் பழ ஈ, உள்ளே புழு.

காயாக வாங்கி வீட்டில் வைக்கோலிலோ செய்தித்தாளிலோ நாலைந்து நாள் பழுக்க வைப்பதுதான் மலிவான வழி, ருசியும் அதில்தான். காம்பை ஒரு விரற்கடை விட்டு நறுக்கியதாகப் பாருங்கள். காம்பு பிடுங்கியதில் பால் வழிந்து தோல் கருகும், அந்த இடத்திலிருந்து அழுகும். ரகம் தெரியாதவர்கள் கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சிக்கு ஒரு நடை போனால், எல்லா ரகத்தையும் பெயரோடு வரிசையாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆவணி, புரட்டாசியில் கரட்டுக் குன்றுகளிலிருந்து சீத்தாப்பழம் வரும். கண்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடையில் வெளிர்மஞ்சள் கோடு தெரிந்தால் இரண்டு, மூன்று நாளில் பழுக்கும். கண் நெருங்கிக் கரும்பச்சையாக இருப்பது பழுக்காது, கறுத்துக் கல்லாகிவிடும்.

அதே புரட்டாசியில் கறி தின்னாத மாதம் என்பதால் எல்லாக் காயும் ஏறும். மற்ற மாதங்களில் முகூர்த்த நாளுக்கு முந்தின தினம் ஏறும். முருங்கைக்காய் கார்த்திகை, மார்கழியில் எட்டாக் கனி. பங்குனி வந்தால் கட்டுக் கட்டாகக் கிடக்கும், அதுவரை சாம்பாரில் முள்ளங்கி போடுங்கள். ராயக்கோட்டைப் பக்கத்து முள்ளங்கிக்கு ஒரு குறையும் இல்லை.

குளிர்காலத்துக்கு இந்தச் சந்தைகளை மிஞ்ச முடியாது, காரணம் அவரை. மார்கழிப் பனியில் விளைந்த அவரைக்கொட்டையின் மணம் மாசிச் சரக்கில் இருக்காது. ஒரு கிலோ காய் உரித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் கொட்டை தேறும், ஆகவே காய் விலையையும் உரித்த கொட்டை விலையையும் ஒப்பிடும்போது இரண்டால் பெருக்கினால் பத்தாது, இரண்டரை. காயைத் தடவினால் கொட்டை ஒவ்வொன்றாக விரலில் புடைத்துத் தட்டுப்பட வேண்டும். தோல் மஞ்சளாகிச் சுருங்கியது முற்றல், பொரியலுக்கு ஆகாது. தோல் நீக்கிய பிதுக்கம்பருப்பு படியில் அளந்து விற்பார்கள். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஊறவைத்து ஒவ்வொரு கொட்டையாகப் பிதுக்கியெடுத்த கூலி அது. கையில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வழவழப்பும் புளித்த வாடையும் இருந்தால் நேற்று ஊறியது. உலர்ந்து, பச்சை வாசம் அடித்தால் வாங்குங்கள், அன்றைக்கே குழம்பு வையுங்கள்.

தராசு பற்றி ஒரு வார்த்தை. உழவர் சந்தைகளில் எலக்ட்ரானிக் தராசுதான், அதில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும். தட்டு வைத்தபின் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் காயைப் போடச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் உடைக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தட்டில் வையுங்கள், பாட்டில் எடையும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு இருபது, முப்பது கிராம் கூடக் காட்ட வேண்டும். அதைவிட நூறு கிராம் தூக்கலாகக் காட்டினால் அடுத்த கடைக்கு நகருங்கள்.

சில்லறை கொண்டுபோங்கள். ஆறு மணிக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அந்த அம்மா பக்கத்துக் கடைக்கு மாற்றப் போவார். திரும்பி வருவதற்குள் உங்களுக்கு எடுத்து வைத்த நாட்டுத் தக்காளியை இன்னொருவர் தட்டில் போட்டிருப்பார்.